மாதிரி விமான ரேடியோக்கள் ஏன் ஒன்றோடொன்று பேசுவதில்லை?

வீட்டில் இருக்கும் வானொலிப் பெட்டியை எந்தக் கம்பெனி தயாரித்தது என்று ஒலிபரப்பு நிலையம் கேட்பதில்லை. முள்ளைத் திருப்பி உரிய அலைவரிசைக்குக் கொண்டுவந்தால் பாட்டுக் கேட்கும். ஒரு கம்பெனியின் செல்பேசியோடு மற்றொரு கம்பெனியின் புளூடூத் ஒலிபெருக்கி தயக்கமின்றி இணைந்துகொள்கிறது. ஆனால் மாதிரி விமானம் பறக்கவிட ஆசைப்படும் ஒரு மாணவர், ஒரு கம்பெனியின் டிரான்ஸ்மிட்டரையும் வேறொரு கம்பெனியின் ரிசீவரையும் வாங்கி வந்தால் கதை வேறு. இரண்டு பெட்டிகளின் மேலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். இருந்தும் பெரும்பாலும் இரண்டும் ஒன்றையொன்று தெரிந்ததாகவே காட்டிக்கொள்வதில்லை. ரிசீவரின் சிறு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் அசையாது.

கடைக்காரரைக் கேட்டால், “அது அப்படித்தான் தம்பி, அந்தக் கம்பெனி ரிசீவரையே வாங்கிக்கொள்” என்பார். பல மாதம் கைச்செலவைக் குறைத்துச் சேர்த்த பணம் அத்துடன் போயிற்று. அது அப்படித்தான் இருக்க வேண்டுமா? இதற்கு இயற்பியலில் ஏதாவது ஆதாரம் உண்டா? இதைத்தான் நீங்களும் நானும் இங்கே சற்று ஆராயப் போகிறோம்.

முதலில் பழைய முறையைப் பார்ப்போம். அதைப் புரிந்துகொண்டால்தான் இன்றைய வழக்கில் எது நியாயம், எது அநியாயம் என்று பிரித்தறிய முடியும். அமெரிக்காவில் மாதிரி விமானங்களுக்கென 72 மெகாஹெர்ட்ஸ் பட்டையும், பிரிட்டனிலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் 35 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் ஒதுக்கப்பட்டன. விமானத்தில் இருக்கும் சர்வோவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: சுக்கானை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்புவது? அதை ஒரு மின்துடிப்பின் நீளத்தைக் கொண்டு சொன்னார்கள். துடிப்பின் நீளம் 1.5 மில்லி விநாடி என்றால் சுக்கான் நடுவில் நிற்கும். 1 மில்லி விநாடி என்றால் ஓர் ஓரம்; 2 மில்லி விநாடி என்றால் மறு ஓரம். இவ்வளவுதான் சர்வோவின் இலக்கணம். சில கம்பெனிகள் நடுவை 1.52 என்று வைத்துக்கொண்டன. அது மயிரிழை வேறுபாடு.

சர்வோ ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது. விமானத்தில் சுக்கான், உயர்த்தி, இறக்கை மடல், எஞ்சின் வேகம் என்று நான்கைந்து இருக்குமே? அதற்கு அவர்கள் கையாண்ட வழி எளிமையானது. ஒவ்வொரு சேனலின் துடிப்பும் ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடைசிப் பெட்டிக்குப் பிறகு ஒரு நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியைக் கண்டவுடன் ரிசீவர், இனி வருவது முதல் பெட்டி என்று தெரிந்துகொண்டு மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கும். வண்டி முழுதும் கடந்து செல்ல ஏறத்தாழ 20 மில்லி விநாடி ஆகும். அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 50 வண்டிகள். பெட்டிகளை எண்ணிப் பிரித்து அந்தந்த சர்வோவுக்கு அனுப்ப, ரேடியோக் கடையில் கிடைக்கும் சாதாரண எண்ணும் ஐ.சி. ஒன்றே போதும். இதற்குப் பி.பி.எம். என்று பெயர்.

இந்த முறையில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே ஒரு கம்பெனியின் டிரான்ஸ்மிட்டரோடு மற்றொரு கம்பெனியின் ரிசீவரைப் பெரும்பாலும் பொருத்திக்கொள்ள முடிந்தது. முழுக்க முழுக்கச் சிக்கல் இல்லை என்று சொல்ல மாட்டேன். எஃப்.எம். முறையில், துடிப்பை உணர்த்த அலையின் அதிர்வெண்ணைச் சிறிதளவு நகர்த்துவார்கள். ஜே.ஆர்., ஏர்ட்ரானிக்ஸ் ஆகியவை அதை மேல்நோக்கி நகர்த்தின. ஃபுட்டாபா, ஹைடெக் ஆகியவை கீழ்நோக்கி நகர்த்தின. திசை மாறினால் ரிசீவருக்குத் துடிப்பு தலைகீழாகத் தெரியும். சர்வோ வெறிபிடித்தாற்போல் ஆடும். ஹைடெக் கம்பெனியே பிற்காலத்தில் தன் எக்லிப்ஸ் 7 என்ற டிரான்ஸ்மிட்டரில் இத்திசையை மாற்றிக்கொள்ள வசதி செய்து கொடுத்தது. போட்டியாளரின் ரிசீவரும் தன் பெட்டியோடு வேலை செய்யட்டும் என்று ஒரு கம்பெனி எண்ணிய காலமும் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிரிஸ்டல் விஷயம் இன்னொன்று. அமெரிக்காவின் 20ஆம் சேனல் 72.190 மெகாஹெர்ட்ஸ். ரிசீவரில் அதே அதிர்வெண்ணுள்ள கிரிஸ்டலைச் செருகினால் வேலை நடக்காது. ரிசீவர் உள்ளே 455 கிலோஹெர்ட்ஸ் என்ற இடைநிலை அதிர்வெண்ணைப் பயன்படுத்துவதால், அந்த அளவு குறைத்து 71.735 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் போட வேண்டும். இருமுறை மாற்றும் ரிசீவரானால் முதல் இடைநிலை 10.7 மெகாஹெர்ட்ஸ், அதற்கு 61.490. சேனல் எண் ஒன்றாக இருந்தும் கிரிஸ்டல் வேறு வேறு! புதியவர்கள் பலர் தடுமாறியது இங்கேதான். ஆனால் இதில் வஞ்சகம் எதுவுமில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

இப்படிச் சொல்வதால் பழைய காலத்தைப் பொற்காலம் என்று நான் வாதாடுவதாக எண்ண வேண்டாம். எல்லோருக்கும் பொதுவான மொழியில் ஒரு பெரிய ஆபத்தும் இருந்தது. உங்கள் விமானம் 20ஆம் சேனலில் பறந்துகொண்டிருக்கும்போது, மைதானத்தின் மறுகோடியில் ஒருவர் அதே சேனல் டிரான்ஸ்மிட்டரின் சுவிட்சைத் தட்டினால் தீர்ந்தது. யார் பேச்சைக் கேட்பது என்று ரிசீவருக்குத் தெரியாது. விமானம் தரையில் குத்தும். கீழே ஆள் இருந்தால் அவர் கதி என்ன? ஆகவே சங்கங்களில் ஒரு பலகை வைத்து, சேனலுக்கு ஒரு முளை மாட்டி, முளையைக் கையில் வைத்திருப்பவரே பறக்கவிடலாம் என்று விதி செய்திருந்தார்கள். மறதிக்காரர் ஒருவர் போதும், பலகை விதி பறந்துபோக.

இடையில் பி.சி.எம். என்ற முறை வந்தது. துடிப்பின் நீளத்தை அப்படியே அனுப்பாமல், அதை எண்ணாக மாற்றி, பிழை கண்டறியும் குறியையும் சேர்த்து அனுப்புவது இம்முறை. குறுக்கீடு வந்தால் ரிசீவர் தவறான செய்தியைத் தள்ளிவிடும். செய்தியே வராவிட்டால் முன்னரே சொல்லிவைத்த பாதுகாப்பு நிலைக்கு, உதாரணமாக எஞ்சினை மெதுவாக்கும் நிலைக்குச் செல்லும். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் எண்களை எந்த வரிசையில் அடுக்குவது, பிழைக் குறியை எப்படிக் கணக்கிடுவது என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பம்போல் வைத்துக்கொண்டது. ஒருவர் பி.சி.எம். மற்றவருக்குப் புரியவில்லை. சுவரின் முதல் செங்கல் வைக்கப்பட்டது அப்போதுதான்.

2005ஆம் ஆண்டில் ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தின் டி.எக்ஸ். 6 என்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் சிறு விமானங்களுக்காகச் சந்தைக்கு வந்தது. இந்தப் புதிய பட்டை 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலம். பழைய 72 மெகாஹெர்ட்ஸ் பட்டையோ ஒரு மெகாஹெர்ட்ஸ் அகலம்கூட நிறையாது. அகலம் கூடியதால் அலையைப் பரப்பி அனுப்பவும், இடம் விட்டு இடம் தாவித் தாவி அனுப்பவும் முடிந்தது. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் தனி அடையாள எண் தரப்பட்டதுதான். ‘பைண்டு’ செய்வது என்று சொல்கிறோமே, அப்போது ரிசீவர் அந்த எண்ணை மனத்தில் பதித்துக்கொள்கிறது. அதன்பின் அந்த எண்ணோடு வரும் கட்டளையைத் தவிர வேறெதற்கும் செவி சாய்ப்பதில்லை. முளைப் பலகை தேவையற்றுப் போயிற்று. இந்த ஒரு நன்மைக்காகவே 2.4 கிகாஹெர்ட்ஸ் முறையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

குறை எங்கே என்றால், அடையாள எண் என்ற பூட்டோடு நில்லாமல், மொழியையும் சேர்த்துப் பூட்டியதில். இரண்டும் வேறு வேறு. உங்கள் வீட்டுக் கதவை அயலார் திறக்கக் கூடாது என்பதற்காகச் சாவியை வைத்துக்கொள்கிறீர்கள். பூட்டு எப்படி வேலை செய்கிறது என்ற அறிவையே ஊரில் யாருக்கும் தெரியாமல் மறைத்துவைப்பது அவசியமா? 1883ஆம் ஆண்டிலேயே ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்ற அறிஞர், போர்க்கள ரகசியச் செய்திகளைப் பற்றி எழுதுகையில், முறை முழுவதும் எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் செய்தி காப்பாற்றப்பட வேண்டும், அதுவே நல்ல முறை என்ற கருத்தைச் சொல்லிவிட்டார். புளூடூத் அப்படித்தான் இயங்குகிறது. அதன் விதிகள் அச்சிட்டு வெளியிடப்பட்டவை. இருந்தும் உங்கள் ஒலிபெருக்கியோடு பக்கத்து வீட்டார் செல்பேசி தானாக ஒட்டிக்கொள்வதில்லை.

மொழியை மறைத்ததனால் பாதுகாப்பாவது கூடிற்றா? 2016ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஒரு கணினிப் பாதுகாப்பு மாநாட்டில், ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தின் டி.எஸ்.எம்.எக்ஸ். முறையில் பறக்கும் விமானத்தின் கட்டுப்பாட்டை நடுவானில் கைப்பற்றிக்கொள்ள முடியும் என்று ஓர் ஆய்வாளர் செய்துகாட்டினார். மறைத்துவைத்த மொழியை அவர் கற்றுக்கொண்டார். சாவி பலவீனமாக இருந்ததால் பூட்டுத் திறந்தது. மொழி மறைப்பு, திறமையும் பொறுமையும் உள்ளவரைத் தடுக்கவில்லை. ரிசீவர் வாங்கக் கடைக்குப் போன மாணவரைத்தான் தடுத்தது.

இன்னும் வேடிக்கையானது இதன் உட்புறம். பெட்டியைத் திறந்து பார்த்தால், பற்பல கம்பெனிகள் தமக்கென்று தனி ரேடியோச் சில்லு எதையும் படைத்துவிடவில்லை என்பது தெரியும். ஸ்பெக்ட்ரம் கையாண்டது சைப்ரஸ் நிறுவனத்தின் சில்லு. ஃப்ரீஸ்கை கையாண்டது டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் சிசி 2500. ஃப்ளைஸ்கை கையாண்டது ஏ 7105. மலிவான சிறு பொம்மைகள் பலவற்றில் இருப்பது நார்டிக் நிறுவனத்தின் என்.ஆர்.எஃப். 24 வகைச் சில்லு. எல்லாம் யாரும் வாங்கக்கூடிய சரக்கு. விவரக் குறிப்புகளும் வெளிப்படையானவை. இந்த நான்கு சில்லுகளையும் ஒரே அட்டையில் பொருத்தி, ஏராளமான கம்பெனிகளின் மொழிகளைப் பேசும் ‘மல்ட்டி புரோட்டோகால்’ பெட்டியைப் பொழுதுபோக்குக்காரர்களே செய்துவிட்டார்கள். அதற்கான நிரல் இலவசம். டிரான்ஸ்மிட்டரின் பின்புறக் குழியில் இதைச் செருகினால், முன்பு முரண்டுபிடித்த ரிசீவர்களில் பல வாலாட்டிக்கொண்டு வருகின்றன. இயற்கை விதி தடுத்திருந்தால் இது நடந்திருக்குமா?

கம்பெனிகளின் தரப்பையும் கேட்டுவிடுவோம். பிறர் செய்த ரிசீவரால் விமானம் விழுந்தால் பழி எங்கள் மேல் வருகிறதே என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. விதிகள் வெளியிடப்படாத நிலையில், கேட்டுக் கேட்டு ஊகித்துச் செய்த ரிசீவர் நூறு தடவை சரியாக வேலை செய்துவிட்டு, மின்னழுத்தம் ஒரு நொடி தாழ்ந்தபோது மட்டும் மூலத்தைப் போல் நடந்துகொள்ளாமல் போகலாம். பறக்கும் பொருளில் அந்த ஒரு தடவைதான் கணக்கு. ஆனால் இந்த ஊகத்தைக் கட்டாயமாக்கியது எது? விதிகளை மறைத்ததுதானே? விதிகளை வெளியிட்டு, அவற்றின்படி சோதித்துத் தேறிய ரிசீவருக்கு முத்திரை கொடுத்தால் இந்தப் பழி எழாது.

பயனாளரின் நம்பிக்கையை அதிகமாகச் சோதித்தவை, ஒரே கம்பெனிக்குள் எழுந்த சுவர்கள். ஃபுட்டாபாவில் ஃபாஸ்ட், ஃபாஸ்டெஸ்ட், எஸ்-எஃப்.எச்.எஸ்.எஸ்., டி-எஃப்.எச்.எஸ்.எஸ். என்று பல மொழிகள். ஒன்றுக்கான ரிசீவர் மற்றொன்றுக்கு ஆகாது. ஒரே வீட்டில் நான்கு அடுப்பு! ஃப்ரீஸ்கை 2019ஆம் ஆண்டு இறுதியில் தன் ஏ.சி.சி.எஸ்.டி. முறையில் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. சர்வோ திடீரென்று தவறாக அசையக்கூடிய ஒரு பிழையைப் போக்குவதற்காக வந்த திருத்தம் அது, ஆகவே தேவையானதுதான். ஆனால் டிரான்ஸ்மிட்டரைத் திருத்தியவுடன், திருத்தாத பழைய ரிசீவர்கள் அதோடு பேச மறுத்தன. பத்து விமானம் வைத்திருந்தவர் பத்தையும் பிரித்து, ரிசீவர்களை ஒவ்வொன்றாகப் புதுப்பிக்க நேர்ந்தது. பிற கம்பெனிகள் செய்த ஒத்தியங்கும் ரிசீவர்கள் அந்தரத்தில் நின்றன. பிழையைத் திருத்தியது பாராட்டத்தக்கது. பழையதையும் சிறிது காலம் தாங்கிக்கொள்ளும்படி செய்யாதது பாராட்டத்தக்கதன்று.

எல்லாக் குறைக்கும் கம்பெனிகளையே சாடுவதும் நேர்மையாகாது. ஐரோப்பாவில் 2015 ஜனவரி முதல், 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் மற்றவர்க்கு இடைஞ்சல் செய்யாமல் இடத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற விதி இறுகியது. அதனால் அங்கு விற்கும் டிரான்ஸ்மிட்டர்கள் சில, பேசுமுன் அலைவரிசையில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டுப் பேசும்படி அமைக்கப்பட்டன. ஆகவே ஒரே பெயர், ஒரே வடிவம் கொண்ட ஃப்ரீஸ்கை கருவியிலும் ஐரோப்பியப் பதிப்பு, பன்னாட்டுப் பதிப்பு என்று இரண்டு உண்டு. ஒரு பதிப்பு டிரான்ஸ்மிட்டர் மறு பதிப்பு ரிசீவரோடு இணையாது. வெளிநாட்டு உறவினரிடம் சொல்லியனுப்பி வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

திறந்த மொழி என்றால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பதும் இல்லை. எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ். என்ற முறை ஆர்வலர்கள் கூடி உருவாக்கியது. அதன் நிரலை யாரும் படிக்கலாம். பல கம்பெனிகள் அதற்குக் கருவி செய்கின்றன. ஒருவர் டிரான்ஸ்மிட்டரும் மற்றவர் ரிசீவரும் தடையின்றிச் சேர்கின்றன. இக்கட்டுரை கேட்கும் நிலை ஏறத்தாழ இதுதான். எனினும் 2022இல் அதன் மூன்றாம் பதிப்பு வந்தபோது, இரண்டாம் பதிப்போடு அதுவும் பேசவில்லை. வேறுபாடு என்ன? ஏன் பேசவில்லை என்பது ஊரறிய எழுதிவைக்கப்பட்டிருந்தது. புதுப்பிக்கக் காசு கேட்கப்படவில்லை. அதில் இணைப்புக்காக நாம் கொடுக்கும் சொற்றொடரும் ரகசியக் காப்புக்கானதன்று, ஒருவர் விமானத்தோடு மற்றவர் கருவி மோதாமல் இருக்கத்தான் என்று அதை உருவாக்கியவர்களே அறிவித்துள்ளனர். தன் குறையைத் தானே சொல்லும் விளம்பரத்தை வேறெங்கே கண்டிருக்கிறீர்கள்?

இம்முறையை வாங்க எண்ணும் இந்திய வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையை, குறிப்பிட்ட மின்திறன் வரம்புக்குள் உரிமமின்றிப் பயன்படுத்த 2005 ஜனவரியில் நம் அரசு அனுமதித்தது. ஆகவே 2.4 பதிப்பை வாங்கலாம். எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ். முறையில் நெடுந்தூரத்துக்கென்று விற்கும் 915 மெகாஹெர்ட்ஸ் பதிப்பு அமெரிக்காவுக்கானது. இங்கே அது செல்பேசி அலைவரிசையில் போய் மோதும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வாங்கிவிடாதீர்கள்.

கடைசியாக, பைண்டு ஆகிவிட்டாலே பொருத்தம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். சேனல் வரிசையிலும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு உண்டு. ஃபுட்டாபா வழக்கில் எஞ்சின் வேகம் மூன்றாம் சேனல். ஸ்பெக்ட்ரம் வழக்கில் அது முதல் சேனல். போதாக்குறைக்கு ஃபுட்டாபாவில் எஞ்சின் சேனலின் திசையும் மற்றவர்க்கு நேர்மாறானது. குச்சி கீழே இருக்கிறது, மோட்டார் நிற்கும் என்று நம்பி மின்கலத்தை இணைத்தால், சுழல்விசிறி முழு வேகத்தில் சுற்றி விரலைப் பதம் பார்த்துவிடும். ஆகவே புதிதாகச் சேர்த்த எந்த ஜோடியையும் முதலில் விசிறியைக் கழற்றிவைத்துச் சோதியுங்கள். ஒவ்வொரு குச்சியையும் அசைத்து, அசைய வேண்டியதுதான் அசைகிறதா, சரியான பக்கம் அசைகிறதா என்று பாருங்கள். பிறகு டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள்; மோட்டார் ஓய வேண்டும். ஓயாவிட்டால் பாதுகாப்பு நிலையை மறுபடி அமைக்க வேண்டும். அதன்பின் மைதானத்தில், டிரான்ஸ்மிட்டரைக் குறைந்த திறன் சோதனை நிலையில் வைத்து, நண்பர் ஒருவரை விமானத்தருகே நிறுத்திவிட்டு, முப்பது அடிகள் எடுத்துவைத்து நடந்து சென்று குச்சிகளை அசையுங்கள். அங்கிருந்தும் சுக்கான் தடுமாறாமல் திரும்பினால் விசிறியை மாட்டலாம்.